பார்த்து நடப்பது

பிறர் வீட்டுப் பிள்ளையை வெளியே கூட்டிக்கொண்டு போக எனக்கு என்ன உரிமை இருக்கிறது? 2020 செப்டம்பரில், ஊரடங்கு தளர்ந்து பூங்காக்கள் திறந்த நாள்களில், இந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை.

அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். மதுரைக்கு மேற்கே நாகமலைப் பக்கம் குடியிருக்கிறேன். ஞாயிறு காலையில் எங்கள் தெருப் பிள்ளைகளுடன் கீழக்குயில்குடி சமணர் மலைக்குப் போவது வழக்கம். அடிவாரத்தில் தாமரைக் குளம், அய்யனார் கோயில், விழுது இறங்கிய ஆலமரம், மேலே பாறை. குளத்தில் இலைக்கோழியைப் பார்ப்போம், பாறையில் ஓணானையும் எறும்புப் புற்றையும் பார்ப்போம், பசித்ததும் திரும்பிவிடுவோம். மார்ச்சில் அது நின்றுபோனது. தமிழ்நாட்டின் முதல் கொரோனா மரணம் மார்ச் 25 அன்று எங்கள் ஊர் ராஜாஜி மருத்துவமனையில் நேர்ந்தது. மே 4 அன்று மீனாட்சி திருக்கல்யாணத்தைச் செல்போனில் பார்த்துத் தாலிக்கயிறு மாற்றிக்கொண்டோம். அந்த வருஷம் அழகர் ஆற்றில் இறங்கவில்லை. சாமிக்கே அப்படி என்றால் பிள்ளைகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

செப்டம்பரில் பிள்ளைகள் வாசலில் வந்து நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒரு தாய். ஆறாம் வகுப்பு படிக்கும் மகனையும் அவன் தம்பியையும் வைத்திருப்பவர். கணவர் காய்கறி மார்க்கெட்டில் வேலை செய்கிறார். வீட்டில் சர்க்கரை நோயுள்ள மாமியார். "டீச்சர், இவன் வீட்டுக்குள்ளயே கெடந்து ஒரு மாதிரி ஆயிட்டான். நீங்க கூட்டிட்டுப் போனா நல்லாத்தான் இருக்கும். ஆனா ஏதாச்சும் ஒண்ணு ஆயிப்போச்சுன்னா யாரு பதில் சொல்றது?" என்று கேட்டார். என்மேல் குறை சொல்லும் குரலில் அவர் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பித்தான் கேட்டார். எனக்கும் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

கூட்டிக்கொண்டு போகாமல் இருந்தால் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்றுதான் முதலில் தோன்றும். அது சரியல்ல. ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை உள்ள வகுப்புகளுக்கு 2020 மார்ச்சில் மூடிய பள்ளிக் கதவு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தது. ஒன்றரை வருஷத்துக்கும் மேல். மதிய உணவுக்குப் பதில் அரிசியும் பருப்பும் வீட்டுக்குக் கொடுத்தார்கள். அது பெரிய உதவி. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட ஆள் இல்லை. ஒற்றை அறை வீட்டில் அப்பாவின் கோபத்துக்கும் அம்மாவின் அழுகைக்கும் நடுவில் ஒரு பத்து வயதுப் பெண் பகல் முழுக்க இருக்கிறாள் என்றால், அவளைப் பத்திரமாக வைத்திருக்கிறோம் என்று எப்படிச் சொல்வது? அவளுக்கு நேரும் கேடு எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. அவள் பெயர் எந்த மருத்துவமனைப் பதிவேட்டிலும் வராது. அதனாலேயே அந்தக் கேட்டுக்குப் பதில் சொல்ல யாரும் இல்லை.

அந்த மாதங்களில் நான் யானுஷ் கோர்சாக்கை அடிக்கடி நினைத்தேன். வார்சா நகரத்துக் குழந்தை மருத்துவர். அநாதை இல்லம் நடத்தியவர். முதல் உலகப் போரின்போது எழுதத் தொடங்கிய, குழந்தையை நேசிப்பது பற்றிய நூலில், குழந்தைக்கு மூன்று உரிமைகளைச் சொல்கிறார். அவற்றில் முதலாவது, குழந்தைக்குத் தன் மரணத்தின்மீது உள்ள உரிமை. படிக்கும் எவருக்கும் அடிவயிறு கலங்கும். ஒரு மருத்துவரா இப்படி எழுதுவது? அவர் சொல்லவந்தது இதுதான்: மரணம் பிள்ளையைப் பறித்துவிடுமோ என்ற அச்சத்தில் நாம் பிள்ளையிடமிருந்து வாழ்வைப் பறித்துவிடுகிறோம். இரண்டாவது உரிமை, இன்றைய நாளின்மீது. நாளைக்கு ஆரோக்கியமாக இருப்பாய் என்று சொல்லிச் சொல்லி இன்றையைத் தள்ளிப்போட முடியாது. பத்து வயது மறுபடி வராது. மூன்றாவது, தான் இருக்கும்படியே இருக்கும் உரிமை.

தாகூரின் 'டாக்கர்' நாடகத்தில் வைத்தியர் சொல்லுக்கு அஞ்சிக் கதவடைத்து வைத்திருக்கிறார்கள் அமல் என்ற பிள்ளையை. வெயிலும் இலையுதிர்காலக் காற்றும் படக்கூடாதாம். அவன் ஜன்னலில் உட்கார்ந்து தெருவில் போகிற தயிர்க்காரனோடும் காவல்காரனோடும் பேசுகிறான். கடைசியில் அரச வைத்தியர் வந்து எல்லாக் கதவுகளையும் திறக்கச் சொல்கிறார். இதே நாடகத்தை 1942 ஜூலையில், வார்சாவின் யூதச் சேரிக்குள் அடைபட்ட தன் இல்லத்துக் குழந்தைகளை நடிக்கவைத்தார் கோர்சாக். சில வாரங்களில் அந்தக் குழந்தைகளும் அவரும் திரெப்ளிங்காவுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். தப்பித்துக்கொள்ள அவருக்கு வழிகள் வந்தன. அவர் குழந்தைகளை விட்டுப் போகவில்லை. பிள்ளைகளின் உரிமை பற்றி அவர் சொன்னதை யாரும் பொறுப்பில்லாத பேச்சு என்று ஒதுக்க முடியாது.

ஆனாலும் கோர்சாக் எனக்கு முழுதாகப் போதவில்லை. பிள்ளை மரத்தில் ஏறினால் விழுவது அந்தப் பிள்ளைதான். தொற்றில் அப்படி இல்லை. பெரும்பாலான பிள்ளைகள் அந்த நோயை லேசாகக் கடந்துவிட்டார்கள். அவர்கள் வழியாக வீட்டுக்குள் போன நோய் பெரியவர்களைப் படுக்கவைத்தது. இதை எனக்குத் தெளிவாக எடுத்துவைத்தவன் அந்த ஆறாம் வகுப்புப் பையன். முதல் நாள் பெற்றோர் முன்னிலையில் நான் விதிகளைச் சொல்லி முடித்ததும் கேட்டான்: "டீச்சர், நா மூச்சு விட்டா அப்பத்தா செத்துப்போயிருவாங்களா?"

இதற்கு ஆமாம் என்றும் சொல்லக்கூடாது, இல்லை என்றும் சொல்லக்கூடாது. ஆமாம் என்றால் பதினோரு வயதில் ஒரு பிள்ளை தன் மூச்சுக்கே அஞ்சி வாழத் தொடங்கிவிடும். இல்லை என்றால் பொய். அன்று நான், "பாத்து நடந்துக்கிட்டா ஒண்ணும் ஆகாதுப்பா" என்று சொன்னேன். எல்லாத் தாயும் சொல்கிற சொல். அதற்குள் எவ்வளவு இருக்கிறது என்று யோசிக்க எங்கள் மலையே இடம் கொடுத்தது.

சமணர் மலையில் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் திகம்பரத் துறவிகள் இருந்தார்கள். செட்டிப்புடவிலும் பேச்சிப்பள்ளத்திலும் அவர்கள் காலத்துத் தீர்த்தங்கரர் சிற்பங்கள் இன்றும் இருக்கின்றன. கீழே வட்டெழுத்தில் இன்னாருடைய மாணாக்கர் இன்னார் செய்வித்தது என்று ஆசிரியர் பெயரும் மாணவர் பெயரும் வெட்டியிருக்கிறது. பிள்ளைகளுக்கு அதைக் காட்டும்போதெல்லாம் எனக்கு ஒரு பெருமை. இந்த இடத்தில் எனக்கு முன்னாலும் ஆசிரியர்கள் இருந்திருக்கிறார்கள்.

கண்ணுக்குத் தெரியாத உயிர் காற்றிலும் நீரிலும் மண்ணிலும் நிறைந்திருக்கிறது என்பது சமணரின் அடிப்படை நம்பிக்கை. மூச்சு விட்டாலே ஏதோ ஒன்று சாகும், காலை ஊன்றினாலே ஏதோ ஒன்று நசுங்கும். அப்படியானால் உயிர் வாழ்வதே கொலை அல்லவா என்ற கேள்வி அவர்களுக்கு வந்தே தீரும். வடநாட்டுச் சுவேதாம்பரரில் சில பிரிவினர் வாயைத் துணியால் மறைத்துக்கொள்கிறார்கள். எங்கள் மலையில் இருந்த திகம்பரருக்கு அந்த வழக்கம் இல்லை, கையில் மயிற்பீலி உண்டு. இரு சாராருக்கும் பொதுவான கட்டளை, நடக்கும்போது நான்கு முழத் தூரம் முன்னால் பார்த்து நடக்க வேண்டும் என்பது. இம்சை என்றால் என்ன என்று தத்துவார்த்த சூத்திரம் வரையறுக்கும்போது, உயிர் போவதை மட்டும் அது சொல்வதில்லை. அசட்டையால் உயிர் போவதைச் சொல்கிறது. வந்தவாசிக்கு அருகே பொன்னூர் மலையில் பாதச் சுவடு வைத்துத் தமிழ்ச் சமணர் வணங்கும் குந்தகுந்தர் இன்னும் அழுத்திச் சொல்கிறார். பார்த்து நடப்பவன் காலடியில் உயிர் ஒன்று மாண்டாலும் அவனுக்கு வினைப் பந்தம் இல்லை. பார்க்காமல் நடப்பவன் காலடியில் எதுவுமே சாகாவிட்டாலும் அவன் இம்சை செய்தவன்தான்.

அந்தப் பையனுக்கு நான் தேடிய பதில் இதில் இருந்தது. உன் மூச்சு என்ன செய்யும் என்பது முழுக்க உன் கையில் இல்லை. எப்படி மூச்சு விடுகிறாய், யார் பக்கத்தில் விடுகிறாய் என்பது உன் கையில் இருக்கிறது.

இதையே கதையாகச் சொல்ல வேண்டும் என்றால் கவுந்தியடிகள் இருக்கிறார். கோவலனையும் கண்ணகியையும் எங்கள் மதுரைக்குக் கூட்டிவந்த சமணத் துறவி. சிலப்பதிகாரத்தில் அவர் கிளம்புமுன் வழியில் உள்ள கேடுகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறார். சோலை வழி போனால் கிழங்கு தோண்டிய குழிகளை உதிர்ந்த பூ மூடியிருக்கும், கால் இடறும். குழியைப் பார்த்து ஒதுங்கினால் தலையில் பலாப்பழம் முட்டும். வயல் வழி போனால் வாளைமீன் துள்ளிக் கண்ணகி அஞ்சுவாள். அதே மூச்சில், வரப்பில் நடக்கும்போது நண்டும் நத்தையும் நம் காலில் மிதிபட்டுச் சாகும், அதையும் தாங்க முடியாது என்கிறார். நமக்கு வரும் கேடும் நம்மால் வரும் கேடும் அவருக்கு ஒரே பட்டியல். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு அவர் உட்கார்ந்துவிடவில்லை. பீலியைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார்.

நாங்களும் பட்டியல் போட்டோம். பத்து வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் வீட்டில் இருக்க வேண்டும் என்பது அப்போது மத்திய அரசின் வழிகாட்டுதல். அதனால் தம்பிகள் கிடையாது. ஒரு குழுவில் ஆறு பேர், குழு மாறக்கூடாது. ஷேர் ஆட்டோ கூடாது, அவரவர் சைக்கிள். உண்மையில் மலையைவிட ஆட்டோதான் ஆபத்து. சீனாவில் தொற்றின் தொடக்க வாரங்களில் 300-க்கும் மேற்பட்ட தொற்றுக் கொத்துகளை ஆராய்ந்தவர்கள் திறந்தவெளியில் பரவியதாகக் கண்டது ஒன்றே ஒன்று. மூடிய அறையில் மணிக்கணக்கில் மிதக்கும் துளிகள் திறந்த காற்றில் கலைந்துபோகின்றன. ஆகவே மேட்டில் மூச்சிரைக்க ஏறும்போது தள்ளித் தள்ளி நடந்தால் முகக்கவசத்தைக் கழற்றிக்கொள்ளலாம். கல்வெட்டைப் பார்க்கக் கூடும்போது போட்டுக்கொள்ள வேண்டும். செட்டிப்புடவுக்குள் கூட்டமாக நுழையக்கூடாது; குகை என்றாலும் அது அறைதான். ஒருவர் போய்ப் பார்த்துவிட்டு வந்தபின் அடுத்தவர்.

அவர்களுக்கு மிகவும் வலித்த விதி காக்காய்க் கடி கூடாது என்பது. கடலை மிட்டாயைச் சட்டை நுனியில் வைத்துக் கடித்துப் பங்கு போடுவதை நானும் செய்து வளர்ந்தவள். அதைத் தடுப்பது நட்பையே தடுப்பது போலத்தான். யோசித்துவிட்டு, இரண்டு மிட்டாய் கொண்டுவந்து ஒன்றைப் பிரிக்காமல் அப்படியே கொடுக்கலாம் என்று அவர்களே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். இரண்டு வாங்க முடியாத பிள்ளைக்கு எப்படியோ தெரியாமல் ஏற்பாடு நடந்தது. அதை நான் விசாரிக்கவில்லை.

குளத்தங்கரையில் இன்னொன்று தெரிந்தது. தவளை தோலாலும் சுவாசிக்கும் உயிர். சானிடைசர் தேய்த்த கையால் அதைத் தொட்டால் அந்தச் சாராயம் அதன் உடலுக்குள் போய்விடும். நம்மைக் காப்பது அதைக் கொல்லலாம். இதை நான் சொன்னதும் ஒரு பெண், "அப்ப தவளைக்கு நாமதான் கொரோனாவா டீச்சர்?" என்றாள். அன்றிலிருந்து சோப்பும் கேனில் தண்ணீரும்தான், அதுவும் குளத்திலிருந்து தள்ளி. தவளையைக் கண்ணால் மட்டும் பார்த்தோம். கவுந்தியின் நத்தையை அந்தப் பெண் தானாகவே வந்தடைந்தாள்.

சளி பிடித்த பிள்ளை வரக்கூடாது என்ற விதியில்தான் எனக்கு அதிகக் கவலை இருந்தது. வரக்கூடாது என்றால் தண்டனை. தண்டனை என்றால் மறைப்பார்கள், தும்மலை அடக்குவார்கள். நம் ஊரில் அம்மை போட்ட வீட்டை ஒதுக்குவதற்கு வேறொரு வழி இருந்தது. வாசலில் வேப்பிலை தொங்கும். வெளியாள் உள்ளே போகமாட்டார். உள்ளே படுத்திருக்கும் பிள்ளையிடம் வந்திருப்பவள் மாரியாத்தா. தள்ளி நிற்பதும் மரியாதையும் அங்கே ஒன்றாகவே இருந்தன. அந்த நம்பிக்கையில் வைத்தியத்தைத் தள்ளிப்போட்டவர்கள் உண்டு, அதை நான் மறக்கவில்லை. ஆனால் ஒதுக்கப்பட்ட பிள்ளை அங்கே குற்றவாளி ஆகவில்லை என்பது பெரிய விஷயம். எங்கள் குழுவில் சளி என்று தானே சொல்லி வீட்டில் நின்ற பிள்ளைக்கு, அன்று பார்த்ததையெல்லாம் மற்றவர்கள் நோட்டில் எழுதி ஜன்னலில் வைத்துவிட்டு வருவது வழக்கமானது. அவன் எழுந்ததும் அந்தப் பறவைகளை அவன் கணக்கிலும் சேர்த்துக்கொள்வோம்.

ஒரு மறுப்பை நான் எனக்கே சொல்லிக்கொண்டேன். பார்த்து நடந்தால் போதும், விளைவுக்கு நான் பொறுப்பில்லை என்பது வசதியான தத்துவம் ஆகிவிடாதா? ஆகிவிடும், பார்ப்பது என்றால் என்ன என்று கேட்காவிட்டால். அந்த வருஷம் முழுக்க நாம் பால் பாக்கெட்டைச் சோப்புப் போட்டுக் கழுவினோம். மூடிய அறையில் ஜன்னலைத் திறக்க மறந்தோம். நோய் பெரும்பாலும் காற்றில் போகிறது என்று விஞ்ஞானிகள் 2020 நடுவிலேயே சொல்லத் தொடங்கியும் உலகச் சுகாதார அமைப்பு அதைத் தயங்கித் தயங்கித்தான் ஏற்றது. தெரிந்துகொள்ள மறுப்பதும் அசட்டைதான். துறவியின் கண் நான்கு முழத்துக்கு முன்னால் இருக்க வேண்டும் என்றால், நேற்று எங்கே பார்த்தாரோ அங்கேயே இன்றும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஒவ்வொரு வாரமும் புதிதாகப் படித்து, விதியை மாற்றி, ஏன் மாற்றினேன் என்று பெற்றோரிடம் போய்ச் சொன்னேன். அந்தத் தாய் கேட்ட கேள்விக்கு நான் கொடுக்க முடிந்த பதில் அந்த உழைப்புதான். ஏதாவது ஆனால் நான்தான் பதில் சொல்வேன் என்றும் சொன்னேன். பயத்தோடுதான் சொன்னேன்.

2021 ஏப்ரலில் தொற்று மறுபடி ஏறியது. மே 10 அன்று முழு ஊரடங்கு. ஊரெங்கும் ஆக்சிஜனுக்கும் படுக்கைக்கும் அலைந்தார்கள். ஊரடங்கு அறிவிப்புக்கு முன்னமே நாங்கள் நடையை நிறுத்திவிட்டோம். பிள்ளைகள் அழுதார்கள். ஆண்டு முழுக்க ஊர் ஊராக நடக்கும் சமணத் துறவிகள் மழைக்காலத்து நான்கு மாதம் ஒரே இடத்தில் தங்கிவிடுகிறார்கள். அப்போது தரையெங்கும் புழுவும் பூச்சியும் முளையும் நிறைந்திருக்கும். எவ்வளவு பார்த்து வைத்தாலும் காலுக்கு இடமிருக்காது. நடக்கச் சொன்ன அதே அறம்தான் அப்போது நிற்கச் சொல்கிறது. இதைப் பிள்ளைகளிடம் சொன்னேன். வெளியே போவதே எப்போதும் நல்லது என்று பேசுபவர்களையும், உள்ளே இருப்பதே எப்போதும் பாதுகாப்பு என்று பேசுபவர்களையும் அதற்குப் பிறகு என்னால் ஏற்க முடிந்ததில்லை. பிள்ளைகள் மொட்டைமாடியில் நின்று மைனாவையும் கரிச்சானையும் எண்ணி எனக்குப் போனில் சொன்னார்கள்.

அந்த மாதத்தில்தான் அந்தப் பையனின் அப்பத்தா இறந்தார். அவன் அப்பா மார்க்கெட்டுக்குப் போகாமல் இருக்க முடியாது. யார் வழியாக நோய் வந்தது என்று யாருக்கும் தெரியாது. எங்கள் நடை நின்று வாரக்கணக்கு ஆகியிருந்தது.

குந்தகுந்தர் சொன்னதற்கு மேல் ஒன்று இருக்கிறது என்று அப்போதுதான் எனக்குப் பட்டது. கவுந்தி கண்ணகியை ஆய்ச்சி மாதரியிடம் அடைக்கலமாக ஒப்படைத்துவிட்டு ஊருக்கு வெளியே தங்கினார். செய்ய வேண்டியது எல்லாம் செய்தாயிற்று. கோவலன் கொலையுண்டதில் அவர் பிழை எதுவும் இல்லை. சமணக் கணக்கில் அவருக்குப் பந்தமும் இல்லை. ஆனாலும், என்னோடு வந்ததாலா இவர்கள் வினை பலித்தது என்று கேட்டு உண்ணா நோன்பிருந்து உயிர் விட்டார். மாதரி தீயில் பாய்ந்தாள். அவர்கள் முடிவை நான் சரி என்று சொல்லமாட்டேன். ஆனால் கவுந்தியின் அந்தக் கேள்வியைச் சமணத் தத்துவத்தால்கூடத் தடுக்க முடியவில்லை. குற்றம் இல்லை என்று தெரிந்தபின்னும் கேள்வி வருகிறது. பிறர் பிள்ளையைக் கையில் வாங்கியவர்களுக்கு அது வரத்தான் வேண்டும் என்று நினைக்கிறேன். சிறுபிள்ளைக்கு மட்டும் அது வரக்கூடாது.

நவம்பரில் பள்ளி திறந்தபின் நடை மறுபடி தொடங்கியது. மேட்டில் ஏறும்போது அவன் என் பக்கத்தில், தள்ளித்தான், வந்தான். "டீச்சர், அந்த மாசம் நா எங்கயும் போகலேல்ல?" என்றான்.

"போகலப்பா. அப்பத்தா ரூமுக்குள்ளகூட நீ போகல. ஜன்னல்ல நின்னுதான பேசுன? உங்கம்மா சொன்னாங்க."

"மாஸ்க் போட்டுத்தான் பேசுனேன்."

"தெரியும். அப்பத்தாவுக்கும் தெரியும்."

கொஞ்ச தூரம் பேசாமல் வந்தான். பிறகு, இப்போதுதான் ஒன்றாம் வகுப்புக்கே பள்ளி திறந்துவிட்டதே, தம்பியை அடுத்த ஞாயிறு கூட்டிக்கொண்டு வரலாமா என்று கேட்டான். வரட்டும், சளி இருந்தால் மட்டும் முந்தின நாளே சொல்லிவிடு என்றேன்.